பழசு மேலே, புதுசு கீழே

திரையை அட்டையால் மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் பரீட்சை வைத்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அந்தப் பரீட்சையில் தேறித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைவிட நன்றாகத் தேறியவன் ஒருவன் இருந்தான். அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஓய்வு கொடுத்த கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். நிர்வாகி என் பழைய கோப்பை எடுத்துவந்து, நான் சேர்ந்த புதிதில் என்னைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரியை வாசித்தார். “நம்பகமானவர், விதிப்படி நடப்பவர்.” எல்லோரும் கைதட்டினார்கள், நானும் கும்பிட்டேன். அந்த வரி எப்படி வந்தது என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து, “மேடம், மவுஸ் இல்லாம எப்படி வேலை செஞ்சீங்கன்னு எழுதுங்களேன்” என்றாள். எழுதுகிறேன், ஆனால் அவள் எதிர்பார்ப்பது வேறாக இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் திருத்தணியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் என்று சொன்னால் ஜோசியம் பார்க்கிற இடமா என்று கேட்பார்கள். மெட்ராஸ் முதலாளி ஒருவர் அரக்கோணம் சாலையில் உரக்கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, பட்டியல் அடித்துக் கொடுக்கும் வேலையை ஆரம்பித்திருந்தார். சங்கங்கள், மில்கள், கடைகள் என்று யார் பதிவேட்டைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சடித்துக் கொடுப்போம். பெரிய மெஷின் ஒன்று கண்ணாடி அறைக்குள் ஏ.சி.யில் இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து வெளியே ஐந்து டெர்மினல்கள். மெஷினுக்கு ஏ.சி., எங்களுக்கு உர வாசனை. நான் பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரியும். அதனால் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பயிற்சி, பிறகு வேலை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல வேண்டியது சூப்பர்வைசர் தேவராஜ் சாரைப் பற்றி. மெட்ராஸில் ஏதோ அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து வந்தவர். கீபோர்டை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவும் மாட்டார். யாராவது தப்புச் செய்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “இது எப்படி ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்பார். பதில் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பதில் தெரியாத கேள்வியை அவர் கேட்டதே கிடையாது. அந்த ஸ்டூல் தரையில் உரசும் சத்தம் கேட்டாலே எல்லோரும் அடித்த வரியை மறுபடி சரிபார்ப்போம்.

இப்போது மவுஸால் இழுத்து எதை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு எல்லாமே விரல்தான். கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு எக்ஸ் தட்டி, பிறகு எண் இரண்டைத் தட்டினால் திரை குறுக்கே பிரிந்து மேலே ஒரு விண்டோ, கீழே ஒரு விண்டோ ஆகும். இரண்டுக்குப் பதில் ஓ தட்டினால் கர்சர் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். பி தட்டிப் பட்டியலின் பெயரைக் கொடுத்தால், கர்சர் இருக்கிற விண்டோவில் அந்தப் பட்டியல் வந்து நிற்கும். எண் ஒன்றைத் தட்டினால் கர்சர் இருக்கிற விண்டோ மட்டும் முழுத் திரைக்கும் விரிந்து மற்றது மறைந்துவிடும். மறையுமே தவிர அழியாது, கூப்பிட்டால் திரும்ப வரும். இது புரியாமல், காலையிலிருந்து அடித்ததெல்லாம் போய்விட்டது என்று அழுத பெண்கள் உண்டு. நானும் ஒரு நாள் அழுதிருக்கிறேன்.

தேவராஜ் சாரின் சட்டம் ஒன்றே ஒன்று. பழசு மேலே, புதுசு கீழே. வந்த பட்டியல் மேல் விண்டோவில் இருக்கும், அதை யாரும் தொடக் கூடாது. திருத்துகிற பட்டியல் கீழ் விண்டோவில். ஐந்து டெர்மினலிலும் இதே ஏற்பாடு. காலை ஷிப்டு ஆள் எழுந்ததும் மதிய ஷிப்டு ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து தொடர வேண்டும். தேடுவது, யோசிப்பது எல்லாம் நேர விரயம். “கண்ணு பேப்பர்ல இருக்கணும். திரையப் பாத்துத் தட்றவன் சமையக்காரன் மாதிரி, ருசி பாத்துப் பாத்தே பாதியத் தின்னுடுவான்” என்பார். அதற்குத்தான் அட்டைப் பரீட்சை. பழுப்பு அட்டை ஒன்றைத் திரைமேல் சாத்திவிட்டு, “பிரி. கீழே போ. பட்டியல மாத்து. மேலே வா. ஒண்ணாக்கு. மறுபடி பிரி. இப்போ கர்சர் எங்கே இருக்கு?” என்று கேட்பார். சொன்ன பிறகுதான் அட்டையை எடுப்பார்.

அதில் ஒரு தடவைகூடத் தவறாதவன் சலீம். அரக்கோணத்துப் பையன், என்னைவிட மூன்று வயது சின்னவன். அவன் அப்பா அங்கே மோட்டார் ஷெட் வைத்திருந்தார். மகன் கையில் கிரீஸ் படாமல் சம்பாதிக்கிறான் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. புது ஆட்கள் வந்தால் தேவராஜ் சார் சலீமைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “பாருங்க, இவன் திரையப் பாக்கவே மாட்டான்” என்று காட்டுவார். இதை மறந்துவிடாதீர்கள். பார்க்காமல் தட்டுவதுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், அதற்காகத்தான் அவனைப் பாராட்டினார்கள்.

நானும் அவனும் மூன்றாம் நம்பர் டெர்மினல். காலையில் நான், மதியம் அவன். அந்த டெர்மினலின் படக் குழாய் கெட்டுப்போய்த் திரையின் கீழ்ப்பாதி நடுங்கும், எழுத்து மங்கும். திருத்துகிற பட்டியலோ கீழ்ப்பாதியில்தான் இருக்க வேண்டும். எனக்குத் தலைவலி வந்துவிடும். புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதினேன். குழாய் மாற்றினால் செலவு என்று தேவராஜ் சார் முதலாளிக்குச் சொல்லவே இல்லை. கடைசியில் ஒரு நாள் என் அருகில் வந்து குனிந்து, “நீ வேணா மாத்தி வெச்சுக்கோ. புதுச மேலே கொண்டாந்துடு. போகும்போது சரி பண்ணிடு” என்றார். வேறு யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார்.

மாற்றுவது சுலபம். புதுசில் நின்று ஒன்று, பிறகு இரண்டு. இப்போது மேலும் கீழும் புதுசே தெரியும். ஓ தட்டிக் கீழே இறங்கி, பி தட்டிப் பழசைக் கூப்பிட்டால் இடம் மாறிவிடும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. ஷிப்டு முடியும்போது இதையே திருப்பிச் செய்துவிட்டு எழுவேன். சலீம் சில நாள் சீக்கிரம் வந்து என் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். “இன்னாக்கா, தலகீழா வெச்சிகினு கீற?” என்று கிண்டல் பண்ணுவான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நெசவாளர் சங்கத்தின் பட்டியல் வந்தது. தறி போட இடம் விட்டுக் கட்டிய வீடுகளை மெம்பர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்களுக்கு முதலில் வீடு. சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படி நாங்கள் பட்டியல் அடிக்க வேண்டும். முதல் நகலை அடித்துக் கொடுத்தோம், சங்கத்தில் ஒட்டினார்கள். இரண்டாம் நாள் செங்கம்மா என்று ஒரு விதவை மாடி ஏறி வந்தாள்.

“ஏம்மா, எங்க வூட்டுக்காரரு பேரு இல்லன்றாங்களே. அவரு இந்தத் திருத்தணி ஆந்திராவுல இருந்தப்பவே சேந்தவரும்மா.”

சங்கத்திலிருந்து பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தேன். முதல் சில பக்கங்கள் தெலுங்கில் இருந்தன. முதலில் அடித்தவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஒன்பது பேர் விடுபட்டிருந்தார்கள். இருப்பதிலேயே மூத்த ஒன்பது பேர். அவர்களை நான் பட்டியலின் தலையில் சேர்த்தேன். செங்கம்மா மறுபடி வந்தபோது திரையில் அவள் புருஷன் பெயரைக் காட்டினேன். பெயரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருக்கும், அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. “எதும்மா?” என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மழ வந்தா குழித்தறியில தண்ணி ஊறிக்கிதும்மா. கால வெக்க முடியல. இந்த வருசம் மேட்டுல உக்காந்து நெய்வேன்” என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். ஊருக்குள் காவடிக் கூட்டம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அரைமணி முன்னதாகப் போக தேவராஜ் சாரிடம் கேட்டேன், விட்டார். பஸ்ஸைப் பிடிக்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். புதுசு மேலேயே இருந்தது. திருப்பி வைக்கவில்லை.

சலீம் வந்து உட்கார்ந்தான். வாரிசில்லாமல் செத்துப்போனவர்கள், விலகியவர்கள் பெயரை நீக்கிவிட்டு வரிசை எண் போட வேண்டியதுதான் பாக்கி. கண்ணைப் பேப்பரில் வைத்துக்கொண்டு கீழ் விண்டோவுக்குப் போய் அவ்வளவையும் செய்து முடித்தான். கீழே இருந்தது ஒன்பது பேர் இல்லாத பழசு. மங்கிய பாதியில் அதன் பெயரும் சரியாகத் தெரியாது. ஷிப்டு முடிவில் கீழ் விண்டோவை முடிவுப் பட்டியல் என்ற பெயரில் எழுதச் சொன்னால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதன்மேல் எழுதவா என்று மெஷின் கேட்கும். தினமும் கேட்கிற கேள்வி, தினமும் ஆம் என்றுதான் தட்டுவோம். தட்டினான். டிஸ்கில் இடம் போதாது என்பதால் மற்ற நகல்களை அழித்துவிட்டுப் போவது வழக்கம். அதையும் ஒழுங்காகச் செய்தான். நான் சேர்த்த ஒன்பது பேரும் அத்தோடு போனார்கள்.

மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் அச்சடித்த பட்டியல் கையெழுத்துக்குப் போய்விட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டுத் திரும்ப ஒட்டிய பிறகுதான் செங்கம்மா போய் யாரையோ படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். கையெழுத்தான பட்டியலை மாற்ற முடியாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆபீஸுக்குப் புகார் வந்தது. முதலாளி மெட்ராஸிலிருந்து கிளம்பி வந்தார்.

கண்ணாடி அறைக்குப் பக்கத்து அறையில் விசாரணை. முதலாளி, தேவராஜ் சார், சலீம், நான். வேறு யாரும் இல்லை. தேவராஜ் சார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சலீம், இது எப்படி ஆச்சு?”

“விண்டோ மாறி இருந்திச்சி சார். பழசு கீழ இருந்திருக்குது.”

“அப்படியா? யார் மாத்தினது?”

சலீம் பேசவில்லை. முதலாளி, “சொல்லுப்பா, யாரு?” என்றார். அப்போதும் பேசவில்லை. தேவராஜ் சார் என் பக்கம் திரும்பினார்.

“கஸ்தூரி, நீ போகும்போது எப்படி விட்டுட்டுப் போனே?”

பதில் தெரியாத கேள்வியை அவர் கேட்க மாட்டார் என்று சொன்னேனே, இதற்கும் பதில் அவருக்குத் தெரியும். மாற்றி வைக்கச் சொன்னவரே அவர்தான். நான் உண்மையைச் சொன்னால் குழாய்ப் பேச்சு வரும், புகார்ப் புத்தகம் வெளியே வரும், அவர் தலையும் உருளும். அவர் முகத்தில் அந்தப் பயம் கொஞ்சமும் தெரியவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“பழசு மேலே, புதுசு கீழேதான் சார்” என்றேன்.

என் அப்பா, நைனா, கண் மங்கித் தறியை விட்டிருந்தார், வீடு என் சம்பளத்தில் நடந்தது, எனக்கும் வேலை போனால் என்ன ஆவது என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் தேடிப் பிடித்த காரணங்கள். அந்த நேரத்தில் நான் பயந்தேன், பொய் சொன்னேன், அவ்வளவுதான். சொல்லிவிட்டு மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காருகிறவன் பார்த்து உட்கார வேண்டாமா என்று முதலாளி கேட்டார். பார்க்காமல் உட்காருவதற்குத்தான் அவனைப் பாராட்டினோம் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. சாயங்காலமே அவன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் தேவராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். திட்டுவாரோ, நன்றி சொல்வாரோ என்று போனேன். “மூணாம் நம்பருக்குப் புதுக் குழாய் வருது. இனிமே உனக்குத் தலைவலி இருக்காது” என்றார். அந்த வருடக் கடைசியில்தான் நம்பகமானவர், விதிப்படி நடப்பவர் என்று எழுதினார். எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வரி அதுதான்.

ஐப்பசி மழையில் உறவுக்காரர் வீட்டுச் சாவுக்காகச் செங்கம்மாவின் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அவள் வீட்டைத் தாண்டித்தான் தெரு. தறிக் குழியிலிருந்து சொம்பால் தண்ணீர் மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன்.

“வாம்மா” என்றாள். “அந்த டி.வி.ல இருந்திச்சேம்மா. நான் கையால தொட்டேனே. அது எப்படிம்மா இல்லாமப் போவும்?”

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மெஷின் தப்பு என்றேன். மெஷினுக்கு வாயில்லை, எவ்வளவு பழி போட்டாலும் தாங்கும். அவளுக்கு வீடு வந்ததாக நான் கடைசிவரை கேள்விப்படவில்லை.

இரண்டு வருடம் கழித்து தேவராஜ் சார் மெட்ராஸுக்குப் போனார். அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். முதல் வேலையாக அந்தப் பழுப்பு அட்டையைக் கிழித்துப் போட்டேன். உட்கார்ந்ததும் விண்டோவின் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். பெரிய சீர்திருத்தம் என்று முதலாளி மெச்சிக்கொண்டார். ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. சலீமைக் கூப்பிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் போனேன்.

ஷெட்டில் ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்கைவரை கிரீஸ். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்கக்கா” என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டான். எதிர்க்கடையில் டீ சொன்னான்.

“சலீம், அன்னிக்கு மாத்தி வெச்சிட்டுப் போனது நான்தான்” என்றேன்.

“தெரியும்க்கா. நீங்கதான தெனமும் மாத்துவீங்க.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். மொதலாளி கேக்கசொல்ல ஒங்க மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கினா, காட்டிக் குடுத்தா மாதிரி ஆயிடும்னு சும்மா இருந்தேன். அப்பறம் நீங்க வேற சொல்லிட்டீங்க.”

அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். இடம் காலியாக இருக்கிறது, நான்தான் இப்போது சூப்பர்வைசர், நாளைக்கே வந்துவிடு என்றேன். தலையை ஆட்டினான்.

“வேணாம்க்கா. அந்த வேல நம்பிக்கையில பண்றது. எனக்கு இனிமே வராது.”

டீ வந்தது. அவன் பாதி குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி உள்பக்கம் கையைக் காட்டினான். ஷெட்டின் பின்புறத்தில் அவன் அப்பா முதுகைக் காட்டியபடி குனிந்து எதையோ ராவிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பாவாண்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறீங்களாக்கா? வேலயில தூங்கி வழிஞ்சி தப்பு பண்ணிட்டேன்னு இன்னி வரைக்கும் நெனச்சிகினு கீறாரு. நான் சொன்னா நம்ப மாட்றாரு. நீங்க சொன்னா நம்புவாரு.”

சரி என்று எழுந்தேன். பத்தடி தூரம்தான் இருக்கும். நடந்து போய் அவர் எதிரில் நின்றேன். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று, “யாரும்மா?” என்றார்.

“சலீமோட ஆபீஸ்ல இருந்தேன். நல்லா இருக்கீங்களா பாய்?” என்றேன்.

“ஆங், நல்லாக் கீறேம்மா. இவனாலதான் ஒங்களுக்கெல்லாம் கெட்ட பேரு. மனசுல வெச்சிக்காதீங்க” என்று இரண்டு கையையும் கூப்பினார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய், ரயிலுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.